பழம் பிள்ளைகளுக்கு மட்டுமா?

மன்னார்க் கரையின் கனிகளும் வளர்ந்தோரின் சமிபாடும்

நோயாளியைப் பார்க்கச் செல்லும் எவரும் நம் நாட்டில் வெறுங்கையுடன் செல்வதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம், நான்கு தோடம்பழம், வசதியுள்ளவராயின் ஒரு கொத்து முந்திரிகைப்பழம் ஆகியவற்றைக் கட்டிலருகே வைத்துவிட்டு நலம் விசாரிப்பது நம் வழக்கம். வீட்டுக்குப் பழம் வந்தாலோ முதற் பங்கு பிள்ளைகளுக்கு. அடுத்த பங்கு பாட்டனுக்கும் பாட்டிக்கும். உழைக்கின்ற தந்தைக்கும் ஓயாது நடமாடும் தாய்க்கும் அதில் ஒரு துண்டு கிட்டுவது அரிது. கிட்டினாலும், “நமக்கெதற்கு? பிள்ளைகள் தின்னட்டும்” என்று தள்ளிவைத்து விடுவார்கள்.

அந்தத் தந்தையும் தாயுமே நாற்பது வயதைத் தாண்டியதும், “சாப்பிட்டது செமிக்கவில்லை”, “வயிறு ஊதுகிறது”, “மூன்று நாளாக மலம் போகவில்லை” என்று முறையிடத் தொடங்குகின்றனர். மருந்துக்கடைக்கு ஆள் போகிறது. பேதி மாத்திரை வருகிறது. இரண்டு நாள் சுகம். மூன்றாம் நாள் பழைய கதை.

இவர்களுக்குப் பழம் உதவுமா? உதவுமெனில் எந்தப் பழம், எவ்வாறு? பப்பாசி உண்டால் எல்லாம் செமிக்கும் என்கிறார் ஒருவர். வாழைப்பழமே சிறந்தது என்கிறார் மற்றொருவர். சாப்பாட்டின் பின் பழமுண்டால் அது வயிற்றிலே புளித்துவிடும் என்று எச்சரிக்கிறார் மூன்றாமவர். இவற்றுள் எது உண்மை, எது வெறும் நம்பிக்கை என்பதை மன்னார்த் தீவையும் அதன் எதிர்க்கரையையும் முன்வைத்து நாம் சற்று ஆராய்வோம்.

மன்னாரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தலைமன்னார் முதல் பேசாலை, எருக்கலம்பிட்டி, பள்ளிமுனை வரையிலும், பெருநிலத்திலே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை வரையிலும் கடலே மக்களின் வயல். சோறும் மீனும் அங்கே நாளாந்த உணவு. மீன் மிக நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மீனிடத்தில் இல்லாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் நார். எந்த மீனிலும், எந்த இறைச்சியிலும், எந்த முட்டையிலும் நார் சிறிதும் இல்லை. தீட்டிய வெள்ளரிசிச் சோற்றிலும் அது மிகக் குறைவு; 100 கிராம் சோற்றில் அரைக் கிராம்கூடத் தேறாது. கோப்பை நிறையச் சோறும் மீன்குழம்பும் சொதியும் உண்டெழுந்தவரின் வயிறு நிறைந்திருக்கும். குடலுக்கு வேண்டிய நாரோ அதில் ஒரு பிடியும் இராது. இதனை மனத்திலிருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

சமிபாடு என்பது எது?

“செமிக்கவில்லை” என்னும் ஒரே சொல்லால் நாம் பல துன்பங்களைக் குறிக்கிறோம். நெஞ்செரிவும் அதுவே, வயிற்றுப் பொருமலும் அதுவே, மலச்சிக்கலும் அதுவே. உண்மையில் இவை வெவ்வேறு இடங்களில் நிகழ்பவை.

வாயில் உமிழ்நீர் மாச்சத்தைக் கரைக்கத் தொடங்குகிறது. இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்னும் நொதியமும் புரதத்தைச் சிதைக்கின்றன. ஏறக்குறைய 6 மீற்றர் நீளமான சிறுகுடலில் பித்தமும் கணைய நீரும் சேர்ந்து, கொழுப்பு உள்ளிட்ட அனைத்தையும் நுண்மையாக்கி இரத்தத்தில் சேர்க்கின்றன. எஞ்சிய சக்கை ஒன்றரை மீற்றர் நீளமான பெருங்குடலை அடைகிறது. அங்கே நீர் உறிஞ்சப்பட்டு மலம் உருவாகிறது.

இரைப்பையின் தொழிலை மனிதன் கண்ணாற் கண்டறிந்த கதை சுவையானது. 1822ஆம் ஆண்டில் வட அமெரிக்காவிலுள்ள மக்கினாக் என்னும் சிறு தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளந்தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. வில்லியம் போமன்ட் என்ற இராணுவ வைத்தியர் அவரைக் காப்பாற்றினார். ஆனால் வயிற்றுத் துவாரம் முற்றாக மூடவில்லை. அத்துவாரத்தின் வழியே உணவுத் துண்டுகளை நூலிற் கட்டி இறக்கியும், இரைப்பை நீரை எடுத்துச் சோதித்தும் போமன்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1833இல் நூலாக வெளியிட்டார். இரைப்பை நீர் உடலுக்கு வெளியே ஒரு குப்பியில் இருந்தபோதும் இறைச்சியைக் கரைத்தது என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று.

இதிலிருந்து நாம் அறிவது யாது? சுகமாயுள்ள ஒருவரின் இரைப்பையும் சிறுகுடலும் தம் தொழிலைத் தாமே செய்துகொள்ள வல்லவை. அவற்றுக்குப் பழத்தின் துணை பெரிதாக வேண்டியதில்லை. துணை வேண்டியிருப்பது பெருங்குடலுக்கே. பழம் செய்யும் நன்மையின் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்கிறது.

நார் செய்யும் வேலை

நாரை நம் உடல் சமிபாடடையச் செய்ய இயலாது. அதனாலேயே அது பயன்படுகிறது. ஒருவகை நார் நீரை இழுத்து வைத்துக்கொண்டு மலத்தை மென்மையாக்குகிறது. மற்றொருவகை மலத்தின் பருமனைக் கூட்டிக் குடலைத் தூண்டுகிறது. பெருங்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு நாரே இரை. அவை அதை உண்டு வெளியிடும் சில அமிலங்கள் குடலின் உட்சுவரைப் போஷிக்கின்றன.

உகண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய டெனிஸ் பேர்கிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய தோழர்களும் 1972இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உண்ட உணவின் சக்கை உடலை விட்டு வெளியேற எவ்வளவு நேரமாகிறது என்பதே ஆய்வுப் பொருள். நார் மிகுந்த உணவை உண்ட உகண்டாக் கிராமவாசிகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் சென்றது. தீட்டிய மாவுணவை உண்ட பிரித்தானியக் கடற்படையினருக்கோ மூன்று நாளுக்கு மேலாயிற்று. அதன் பின்னரே உலகம் நாரைப் பொருட்படுத்தத் தொடங்கியது எனலாம்.

2019ஆம் ஆண்டில் ‘லான்செற்’ மருத்துவச் சஞ்சிகையில் வெளியான பேராய்வொன்று, நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் வரை நாருண்போரை மிகக் குறைவாக நாருண்போருடன் ஒப்பிட்டது. அகால மரணம், இருதய நோய், நீரிழிவு, பெருங்குடற் புற்றுநோய் ஆகியவை முன்னவரிடத்தில் 15 முதல் 30 வீதம் வரை குறைந்து காணப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தோர் நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்றும், 25 கிராம் நார் பெறவேண்டும் என்றும் கூறியுள்ளது. ஆகவே பழம் பிள்ளைகளின் தின்பண்டம் என்று நாம் ஒதுக்குவது வெறும் பழக்கதோஷமே. வளர்ந்தவர்க்கே அதன் தேவை மிகுதி.

பப்பாசியின் புகழ் உண்மையா?

மன்னார் வீடுகளிற் கிணற்றடியை அண்டிப் பப்பாசியும் வாழையும் நிற்பதைக் காண்கிறோம். குளிக்கும் நீரே அவற்றுக்குப் பாய்ச்சலாகிறது. பப்பாசி அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து ஐரோப்பியக் கடலோடிகளின் வழியே நம் கரைக்கு வந்த மரம். அதன் காயைக் கீறினால் வடியும் பாலில் பப்பேயின் என்னும் நொதியம் உண்டு. அது புரதத்தைச் சிதைக்கும். வயதான ஆட்டிறைச்சியை வேகவைக்க இரண்டு துண்டு பப்பாக்காய் இடும் இல்லத்தரசியர் இவ்விரசாயனத்தைப் பெயரறியாமலே கையாள்பவர்கள். ஒரு காலத்தில் உலகச் சந்தைக்குப் பப்பேயின் அனுப்புவதில் இலங்கையே முன்னணியில் நின்றது; 1937இல் கிழக்காபிரிக்காவிற் பெருமளவு உற்பத்தி தொடங்கிய பின்னரே அந்நிலை மாறியது.

இதனைக் கொண்டே, “பப்பாசிப்பழம் உண்டால் இறைச்சி செமிக்கும்” என்பர். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பால் நிறைந்திருப்பது காயில். பழுக்கப் பழுக்கப் பாலும் வற்றும், பப்பேயினும் குறையும். எஞ்சியதும் இரைப்பையின் கடும் அமிலத்திற் பெரும்பாலும் செயலிழக்கும். அப்படியாயின் பப்பாசிப்பழத்தின் புகழ் பொய்யா? இல்லை, காரணந்தான் வேறு. பழத்தின் நிறையில் நூற்றுக்கு 88 பங்கு நீர். 100 கிராமில் ஏறக்குறைய 2 கிராம் மென்மையான நார். 2013இல் ஒஸ்திரியாவில் நடந்த ஓர் ஆய்வில், பப்பாசிச் சதையிலிருந்து ஆக்கிய கூழை 40 நாள் உட்கொண்டவர்களுக்கு மலச்சிக்கலும் பொருமலும் தணிந்தன. பாட்டியின் அனுபவம் சரியானதே. அதற்கு நாம் கூறிவந்த விளக்கத்தையே திருத்திக்கொள்ள வேண்டும்.

மாணவர்கள் இதைத் தாமே சோதிக்கலாம். ஜெலற்றின் கரைசலைச் சூடாற்றி, ஒரு கிண்ணத்தில் பச்சை அன்னாசித் துண்டும் மற்றொன்றில் நன்றாக அவித்த அன்னாசித் துண்டும் இடுக. அன்னாசியிலும் பப்பேயினை ஒத்த நொதியம் உண்டு. அது ஜெலற்றின் புரதத்தைச் சிதைப்பதால் முதற் கிண்ணம் உறையாது. அவித்தபோது நொதியம் அழிந்துவிட்டமையால் இரண்டாவது உறையும். ஜெலற்றினுக்குப் பதிலாக, நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளிற் காய்ச்சும் கடற்பாசியைப் பயன்படுத்தினால் இரண்டு கிண்ணமும் உறையும். கடற்பாசி புரதமன்று, நாரினத்தைச் சேர்ந்தது. நொதியம் அதைத் தொடாது. ஒரு பழம் எல்லாவற்றையும் செமிக்க வைக்கும் என்பது எத்தகைய கற்பனை என்பதை இந்த இரு கிண்ணங்களே காட்டிவிடும்.

வாழையும் கொய்யாவும்

வாழைப்பழம் மலத்தை இளக்குமா, கட்டுமா? இரண்டும் உண்மை. காயாயிருக்கும்போது அதன் மாச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலிற் கரைவதில்லை. 2001இல் பங்களாதேசத்தின் டாக்கா நகரில் நடந்த ஆய்வொன்றில், வேகவைத்த வாழைக்காயைச் சோற்றுடன் சேர்த்து ஊட்டியபோது, வயிற்றோட்டம் நீடித்த குழந்தைகள் விரைவிற் குணமடைந்தனர். வயிற்றோட்டத்துக்கு வாழைக்காய் கொடுக்கும் நம் கைவைத்தியம் இதனால் வலுப்பெறுகிறது. நன்கு கனிந்த பழத்தில் அந்த மாச்சத்து சர்க்கரையாக மாறிவிடுகிறது. கனிந்த வாழைப்பழம் 100 கிராமில் இரண்டரைக் கிராமளவு நார் உண்டு. இரவில் ஒரு பழம் உண்டால் காலையில் மலம் கட்டாயம் கழியும் என்று எதிர்பார்ப்பது மிகை. நாள்தோறும் உண்டுவரின் அது பயனளிக்கும்.

நம் முற்றத்துக் கனிகளுள் நாரில் முதலிடம் பெறுவது கொய்யா. 100 கிராமில் 5 கிராமுக்கு மேல். ஆயினும் முற்றாத பிஞ்சில் துவர்ப்பு மிகுதி. அது மலத்தைக் கட்டக்கூடியது. ஆகவே கனிந்த கொய்யாவைத் தோலுடன், நன்றாக மென்று உண்ணவேண்டும்.

விளாவும் வில்வமும்

வறண்ட நிலத்தின் செல்வம் விளாமரம். “யானை உண்ட விளாங்கனி” என்ற வழக்கை நாம் அறிவோம். யானை விழுங்கிய விளாம்பழம் ஓடு உடையாமலே வெளிவரும். உள்ளே சதை இராது என்பது அதன் பொருள். அங்கே யானை என்பது விலங்கன்று, விளாங்கனிக்கு வரும் ஒரு நோயின் பெயர் என்று உரைப்பாரும் உளர். எது எவ்வாறாயினும், ஓட்டை உடையாமற் சதையை மட்டும் செமிக்கும் வல்லமை நமக்கில்லை. நாம் ஓட்டை உடைத்தே, சர்க்கரை சேர்த்துப் பிசைந்து உண்கிறோம். நார் மிகுந்த நல்ல பழம். அதன் காயும் துவர்ப்பானதே. கனிந்த பழமே மலச்சிக்கலுடையோர்க்கு ஏற்றது.

வில்வத்தைப் பற்றி நம் வைத்தியர்கள் கூறுவது கவனிக்கத்தக்கது. அரைக்காயாக உலர்த்திய வில்வத்தை வயிற்றோட்டத்துக்கும் சீதபேதிக்கும் கொடுப்பார்கள். முற்றக் கனிந்த பழத்தை மலமிளக்கியாகக் கொள்வார்கள். ஒரே மரத்தின் ஒரே கனி, பருவத்துக்குப் பருவம் எதிரான வேலையைச் செய்கிறது. துவர்ப்புப் பொருள் காயில் மிகுந்தும் கனியிற் குறைந்தும் இருப்பதே இதற்கு ஒரு காரணம். “இந்தப் பழம் வயிற்றுக்கு நல்லதா?” என்று கேட்பவர், “எந்த வயிற்றுக்கு, எந்தப் பருவத்திலே?” என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பனையும் பாலையும்

மன்னார்த் தீவிற் பனையைச் சொல்லாமல் பழத்தைச் சொல்வதெப்படி? நுங்கு நீர் நிறைந்தது, வெயிலுக்கு இதம். நார் அதிற் குறைவு. பனம்பழத்தின் செம்மஞ்சட் சதையைப் பிழிந்து பாயில் உலர்த்திப் பனாட்டாக்குவர். அதன் மெல்லிய கசப்புக்குக் காரணமான பொருளுக்குப் பிளபெலிபெரின் என்று பெயர். அதனை ஆராய்ந்த இலங்கை விஞ்ஞானிகள், அது குடலில் குளுக்கோசு உறிஞ்சப்படுவதைத் தணிக்கக்கூடும் என்று எலிகளில் நடத்திய சோதனைகளிற் கண்டனர். ஆயினும் பனங்காய்ப் பணியாரத்தை ஒரு தட்டு உண்டுவிட்டு வயிறு பொருமுகிறதென்றால், குற்றம் பழத்தினுடையதா, அது பொரிந்த எண்ணெயினுடையதா என்பதைச் சமைத்தவரே தீர்மானிக்கட்டும்.

மடுத் திருப்பதியைச் சூழ்ந்த காட்டில் பாலையும் வீரையும் ஓங்கி நிற்கின்றன. பாலைப்பழத்தின் தித்திப்பை ஒருமுறை சுவைத்தவர் மறவார். அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்வதையும் மறவார். கரடிக்கும் அவை விருப்பமானவை. மரம் இனிய சதையைக் கொடுத்து, அதற்குக் கூலியாகத் தன் விதையை விலங்கின் குடல் வழியே தொலைவுக்கு அனுப்புகிறது. பழத்துக்கும் குடலுக்கும் உள்ள உறவு மனிதனுக்கு முந்தியது.

பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தைப் பார்க்க நாடெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுடைய அம்மரத்தை முற்காலத்து அராபிய வணிகர் நாட்டினர் என்பர். ஆபிரிக்காவிலே இம்மரத்தின் உலர்ந்த புளிப்புச் சதையை நீரிற் கரைத்துப் பருகுகின்றனர். நாரும் உயிர்ச்சத்து ‘சி’யும் அதில் மிகுதி. 2008இல் ஐரோப்பிய ஒன்றியமும் அதைப் புதிய உணவாக ஏற்றுக்கொண்டது. நாம் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் மரத்தின் இனத்தாவரம் ஒன்று வேற்று நாட்டாரின் கடைகளில் மாவாக விற்பனையாகிறது!

சீமைப் பழம் வாங்க வேண்டுமா?

மலச்சிக்கலுக்குப் பழம் உதவும் என்பதற்கு மிக உறுதியான சான்றுகள் இரண்டு சீமைப் பழங்களைப் பற்றியவை. அமெரிக்காவின் அயோவாவில் 2011இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 100 கிராம் உலர்ந்த பிளம்ஸ் பழம் உண்டோர், இசப்கோல் உமியை உட்கொண்டோரைவிட அதிக சுகம் பெற்றனர். அப்பழத்திலுள்ள சோர்பிட்டோல் என்னும் சர்க்கரையினம் குடலுக்குள் நீரை இழுப்பதே நாருக்குத் துணையாய் அமைந்தது. நியூசிலாந்து, இத்தாலி, யப்பான் ஆகிய நாடுகளில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு இரண்டு கிவிப் பழம் வீதம் நான்கு வாரம் உண்டவர்களும் நலங்கண்டனர்.

இவற்றுக்காக நம் குடும்பங்கள் பணத்தை இறைக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கைப் பாருங்கள். காலையில் 200 கிராம் பப்பாசிப்பழம், பகலில் ஒரு நல்ல கொய்யாப்பழம், இரவில் சிறிய வாழைப்பழம் இரண்டு: இவற்றால் ஏறக்குறைய 12 கிராம் நார் கிடைக்கிறது. நாள் தேவையிற் பாதி அடைந்துவிட்டது. மீதிப் பாதியைத் தவிட்டுடன் கூடிய சிவப்பரிசியும், பருப்பும், கீரையும், முருங்கைக்காயும் ஈடுசெய்யும். ஆய்வில் வந்த சுகம் ஒரே நாளில் வரவில்லை, வாரக்கணக்கில் வந்தது என்பதையும் மறக்கலாகாது. பழம் துன்பம் வந்த அன்று விழுங்கும் மாத்திரையைப் போன்றதன்று. நாள்தோறும் உண்பவனுக்கே அது பயன்தரும்.

நீரும் நேரமும்

நாரை மட்டும் கூட்டி நீரைக் கூட்டாவிடில் பயன் குறையும். மன்னாரிற் கோடை நீண்டது. காற்றும் வெயிலும் உடலின் நீரை வற்றச் செய்கின்றன. கிணறுகள் பல உவர்ப்பானவை. படகிற் கடலுக்குச் செல்பவர் குடிக்கும் நீரைச் சிக்கனப்படுத்துகிறார். கருவாட்டு வாடியில் நாள்முழுதும் நிற்கும் பெண்மணி, ஒதுங்குவதற்கு இடமில்லாமையால் நீரருந்தவே அஞ்சுகிறார். மலம் கழிக்கும் உணர்வு வரும்போது இருவரும் அதனை அடக்குகின்றனர். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் மேலும் நீரை உறிஞ்சிவிடும், அது இறுகிவிடும். நாளடைவில் அந்த உணர்வே மங்கும். இத்தகையோர்க்குப் பழத்துடன், தூய குடிநீரும் ஒழுங்கான ஒரு கழிப்பிடமும் வேண்டும். வேலைத் தலங்களில் அவற்றை அமைத்துக்கொடுப்பது தொழில் நடத்துவோரின் கடமை. வத்தகப்பழமும் வெள்ளரிப்பழமும் நாரிற் குறைந்தவையாயினும் நீரால் நிறைந்தவை. கோடையில் இவர்களுக்கு ஏற்றவை.

பழத்தைச் சாப்பாட்டுக்கு முன் உண்பதா, பின் உண்பதா? பின் உண்டால் வயிற்றில் அழுகிவிடும் என்பது ஆதாரமற்ற அச்சம். இரைப்பையின் அமிலத்தில் உணவு புளித்து அழுகுவதற்கு இடமில்லை. உண்ணும் நேரத்திலேயே புளிப்புப் பழத்தைச் சேர்த்துக்கொண்டால், அதன் உயிர்ச்சத்து ‘சி’ கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது. விருந்தின் முடிவில் வாழைப்பழம் வைத்த நம் முன்னோர் தவறொன்றும் செய்யவில்லை. பழத்தைப் பிழிந்து வடித்துச் சாறாகக் குடிப்பதே தவறு. நார் சக்கையோடு போய்விடுகிறது, சர்க்கரை மட்டும் எஞ்சுகிறது.

எவருக்கு எச்சரிக்கை?

பழம் எல்லோர்க்கும் ஒரே அளவில் ஆகாது. நீரிழிவுடையோர் பழத்தை முற்றாக விலக்க வேண்டியதில்லை. சாறாக அன்றிப் பழமாக, அளவறிந்து, வைத்தியரின் ஆலோசனைப்படி உண்ணலாம். சிறுநீரக நோயுடையோர்க்கு வாழை போன்ற பழங்களின் பொட்டாசியமே தீங்காகலாம். தமரத்தை எனப்படும் நட்சத்திரப்பழம் அவர்களுக்கு நஞ்சுக்கு ஒப்பானது. அதிலுள்ள கரம்பொக்சின் என்னும் நஞ்சை 2013இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் இனங்கண்டனர். கருவுற்ற பெண்கள் பால்வடியும் பப்பாக்காயைத் தவிர்ப்பது நலம். சிலருக்கு மாம்பழமும் வத்தகப்பழமும் வாயுவையும் வலியையும் உண்டாக்கும். பழத்திலுள்ள சில சர்க்கரைகளை அவர்களது சிறுகுடல் முற்றாக ஏற்பதில்லை. அவர்கள் தமக்கு ஒத்த பழத்தைத் தாமே கண்டறிய வேண்டும். நெஞ்செரிவுள்ளோர்க்குப் புளிப்புப் பழம் பகையாகலாம். இதுகாறும் நாருண்ணாதவர் ஒரே நாளில் அளவை மிகக் கூட்டினால் வயிறு ஊதும்; சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை ஒன்றுண்டு. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை மலம் கழிவது இயல்பே. நாள் தவறியதென்று பதற வேண்டாம். ஆனால் மலத்தில் இரத்தம் காணல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை, நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்குப் பின் மலப்பழக்கம் திடீரென மாறி வாரக்கணக்காய் நீடித்தல், வாந்தியுடன் வயிறு வீங்கி வாயுவும் வெளியேறாமை ஆகியவற்றுக்குப் பழம் மருந்தாகாது. பெருங்குடற் புற்றுநோயும் முதலில் வெறும் மலச்சிக்கல்போலத் தோன்றக்கூடும். “மூலமாயிருக்கும்” என்று சொல்லிக்கொண்டு மாதங்களைப் பழத்திலும் கஷாயத்திலும் போக்கிவிட்டு, முற்றிய பின் வைத்தியசாலைக்கு வருவோர் உளர். தொடக்கத்திற் கண்டறிந்தால் குணப்படுத்தத்தக்க நோய் அது. இவ்வறிகுறிகளைக் கண்டவர் அன்றே வைத்தியரை நாடுக.

திருக்குறளில் ‘மருந்து’ எனப் பெயர்பெற்ற அதிகாரம் ஒன்றுண்டு. அதிலே மூலிகை ஒன்றின் பெயர்கூட இல்லை என்பதை மாணவர்கள் கவனித்திருப்பர். அளவறிந்து, பசியறிந்து உண்ணும் ஒழுங்கைப் பற்றியே அது பெரிதும் பேசுகின்றது. பழத்தைப் பற்றி நாம் கண்ட முடிவும் அதனோடு ஒத்ததே. அற்புதக் கனி என்று ஒன்று இல்லை. கனிந்த பழம் எதுவாயினும், தன் உடலுக்கு ஒத்ததை, நாள்தோறும், நீருடன் உண்பவருக்கு அது துணைநிற்கும்.

அடுத்தமுறை வீட்டில் பப்பாசிப்பழம் வெட்டும்போது பிள்ளைகளின் தட்டுகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு தட்டுகளை வையுங்கள். “நமக்கெதற்கு?” என்று அம்மா தள்ளினால், பிள்ளைகளே, நீங்கள் அதை மறுபடியும் அவர் முன் நகர்த்திவையுங்கள். வைத்தியசாலைக் கட்டிலருகே கொண்டுபோய் வைக்கும் பழத்தை அதற்கு முன்னரே வீட்டில் கொடுப்பது நன்றல்லவா?